வண்டிக்கு அடியில் விரித்த பேப்பர்

சாவிக்காரரால் திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. பூட்ட முடியாதது மட்டும் ஒன்று உண்டு. அது அவருடைய மைத்துனனின் வாய்.

ஒருமுறை ஓர் இரும்பு அலமாரியின் முன்னால் போய் நின்று அவர் தும்மினாராம், அலமாரி பயந்துபோய்த் தானே திறந்துகொண்டதாம். இதைச் சொன்னவர் அலமாரியின் சொந்தக்காரர். பார்த்த சாட்சி யாரும் இல்லை. தும்மல் மட்டும் சத்தியமான உண்மை. பித்தளைத் தூள் அவருக்கு ஆகாது. சாவி வெட்டும் தொழிலில் இருப்பவருக்குப் பித்தளை ஆகாமல் போவது மீன்காரனுக்குத் தண்ணீர் ஆகாமல் போவது மாதிரிதான். அதனாலேயே அவர் கடை என்று ஒன்று வைத்து உட்காரவில்லை. காற்றோட்டமாக, வாசலில் நின்று, எதிர்க்காற்றுக்கு முதுகைக் காட்டிச் சாவி வெட்டுவார். கடை முழுவதும் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருந்தது: கையால் சுற்றும் வெட்டு இயந்திரம் ஒன்று, வெறும் சாவிகள் தொங்கும் இரும்பு வளையங்கள், கம்பிகள் அடங்கிய ஒரு தோல்பை.

அந்த மோட்டார் சைக்கிளைச் செய்த கம்பெனியே அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உதைத்துக் கிளப்பினால் மூன்றாவது தெருவில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். நான்காவது தெருவில் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவருக்கு உயிர் வரும். இரண்டு தெரு நடந்தால் சாவிக்காரருக்கு இடது முழங்கால் வீங்கிவிடும். நல்லவேளையாக வண்டியை உதைக்கும் கால் வலது. “கடவுள் வீங்குறதுக்கு ஒரு கால், உதைக்கிறதுக்கு ஒரு கால்னு பிரிச்சுக் கொடுத்திருக்கார்” என்பார். உதை யாருக்கு என்று கேட்டால் மைத்துனனைப் பார்ப்பார்.

மைத்துனனுக்குச் சந்தையில் கடை. ‘டிஜிட்டல் சாவி’ என்று பலகை போட்டதிலிருந்து சந்தையே அவனை டிஜிட்டல் என்றுதான் கூப்பிட்டது. சாவியைச் செருகி ஒரு பொத்தானைத் தட்டினால் இயந்திரம் அளவெடுத்து, வெட்டி, வழவழப்பாக்கித் துப்பிவிடும். அங்கே அவன் அக்காள் கணவருக்காகவே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தான்.

“மாமா, எத்தனை நாளைக்கு இந்தக் கிழட்டு வண்டியைக் கட்டிக்கிட்டு அழுவீங்க? வந்து ஜம்முனு ஸ்டூல்ல உட்காருங்க. ஃபேன் இருக்கு.”

“மாப்ளே, உன் கடையில உட்கார்ந்தா சாவி வெட்டலாம். பூட்டைத் திறக்க முடியுமா? பூட்டு எந்திரிச்சு நடந்து உன் கடைக்கு வருமா?”

“வராதுதான்.”

“அப்ப நான் போகணும்ல. ஸ்டூலுக்குச் சக்கரம் வெச்சுக் குடு, யோசிக்கிறேன்.”

இந்தப் பேச்சு வருஷக்கணக்காக நடந்தது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிரித்தவள் சாவிக்காரரின் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருந்தாள். தெருவுக்கு அவள் தையலக்கா. தம்பி கிளம்பிப் போன பிறகு கணவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டூல் என்பது அவருக்கு உட்காரும் சாமான் இல்லை. கம்பியை விட்டுப் பூட்டின் வயிற்றைத் தடவி, கண்ணை மூடி, உடைக்காமல் கீறாமல் திறப்பதுதான் அவர் வாழ்க்கை. அது நின்றால், பித்தளைத் தூளில் மூக்கைப் பொத்திக்கொண்டு, மைத்துனன் தட்டச் சொல்லும் பொத்தானைத் தட்டவேண்டும். வண்டி ஓடும்வரை ஸ்டூல் வேடிக்கை. வண்டி நின்றால் ஸ்டூல்தான் கதி.

வண்டி விழுந்தது ஒரு வெயில் நாளில். ஒரு வீட்டில் ஒரு பெரிய மனிதர், ஆளும் பெரியவர், குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. அவர் மனைவி நிதானமாக, “அவசரமே இல்லை, முதல்ல டீ குடிங்க. வீடு இவ்வளவு அமைதியா இருந்து எத்தனை வருஷமாச்சு” என்றாளாம். சாவிக்காரர் டீயைக் குடித்து, கதவையும் திறந்து, ஈரத்துண்டோடு நின்ற மனிதரின் நன்றியை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். அந்த நேரம் தெருவில் ‘தொம்’ என்று சத்தம். வெயிலில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல இறங்கி, வண்டி இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. விழுந்த வேகத்தில் கியர் லீவர் உள்பக்கம் மடங்கி, இன்ஜினின் இடதுபக்க மூடியை முட்டிக் கீறிவிட்டது.

தலைமுடி அளவு விரிசல். கியர் தண்டு வெளிவரும் துளைக்குக் கீழே தொடங்கி, அடியில் இருக்கும் போல்ட் வரை. அதிலிருந்து கறுப்பு எண்ணெய் கோடாக இறங்கித் தாரோடு தாராகக் கலந்தது.

முதல் வைத்தியம் சோப்பு. அந்த வீட்டிலேயே ஒரு சோப்புக் கட்டியைக் கேட்டு வாங்கி, விரிசலில் அழுத்தித் தேய்த்து அடைத்து, வீடுவரை ஓட்டி வந்துவிட்டார். “பாரு, குளிச்சிட்டு வந்திருக்கு” என்று சிரித்தார். கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இரண்டாவது, இரண்டு டியூபைக் கலந்து பிசையும் பசை. முதலில் விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் மேல்நுனியில் ஊசித்துளை போட்டார். பல்லுக்குச் சொத்தை எடுப்பதுபோல விரிசலை அரத்தால் அகலப்படுத்தி, பெட்ரோலில் கழுவி, பசையை அப்பினார். கல்லாக இறுகியது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கணீர் என்றது. ஆனால் இன்ஜின் சூடேறியதும் மூடி ஓர் அளவுக்கு விரிந்தது, பசை வேறு அளவுக்கு விரிந்தது. சில நாளில் பசை ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி தனியாகப் பெயர்ந்து வந்தது.

மூன்றாவது, வேறு மூடி தேடுவது. பழைய சாமான் கடைகளில் துழாவாத குவியல் இல்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. எல்லாம் சரி, ஒரே ஒரு போல்ட் துளை மட்டும் ஒரு விரல் அளவு தள்ளி இருந்தது. அதே வண்டிதான், ஆனால் பின்னால் வந்த தம்பி வண்டி. “தம்பிங்களே இப்படித்தான்” என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

நான்காவதுதான் வெல்டிங். வெல்டிங்காரருக்குப் பட்டப்பெயர் புகை. பீடியும் வெல்டிங்கும் ஒரே நேரத்தில் செய்வதால் எது எதன் புகை என்று யாருக்கும் தெரியாது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது எண்ணெய் குடிச்ச அலுமினியம்ண்ணே. காலமெல்லாம் குடிச்சிருக்கு. நான் சூடு காட்டக் காட்ட உள்ளேயிருந்து கக்கிக்கிட்டே இருக்கும். கக்குற வாயில தையல் போட முடியுமா?”

“போட்டுத்தான் பாரேன்.”

“போடறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“முன்னாடியே திட்டிட்டுப் போறேன். அப்ப சரியா?”

புகை சொன்னது போலவே நடந்தது. சூடு பட்ட இடமெல்லாம் கறுப்பு வியர்வை வழிந்தது. பற்றிய உலோகத்தில் தேனடைபோலப் பொடிப்பொடியாகத் துளைகள். துடைத்தார், மறுபடி சுட்டார், மறுபடி வியர்த்தது. எப்படியோ விரிசலின் மேல் ஒரு தழும்பு விழுந்தது. ஆனால் சூட்டில் மூடி பழைய செருப்பு மாதிரி நெளிந்துவிட்டது. இன்ஜினில் வைத்தால் ஒரு முனை உட்கார மறுமுனை எழுந்தது.

நெளிவை எடுக்க சமதளமான ஒன்று வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, தையலக்காவின் அலமாரிக் கண்ணாடி. கழற்றித் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, மூடியை வட்டவட்டமாகத் தேய்க்க உட்கார்ந்தார்.

“என் கண்ணாடிங்க அது! நான் எதுல முகம் பார்க்கிறது?”

“என் முகத்தைப் பாரு. போதும்.”

“அதுக்கு உப்புத்தாளையே பார்த்துக்கிறேன்.”

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். தோள்பட்டை இரண்டும் தனித்தனி ஆள் போல ஆடின. காலண்டர் அட்டையை மூடியின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டியே, எண்ணெய் கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை வெட்டினார். மாட்டினார். முடுக்கினார். பிறகு இன்ஜினுக்கு அடியில் ஒரு பேப்பரை விரித்தார்.

வண்டிப் பட்டறைகளில் இது ஒரு பழக்கம். வேலை முடிந்ததா இல்லையா என்று மெக்கானிக்கைக் கேட்கமாட்டார்கள். வண்டிக்கு அடியில் இரவு முழுக்கப் பேப்பர் விரித்து, காலையில் அதைக் கேட்பார்கள். சொட்டு விழுந்திருந்தால் வேலை முடியவில்லை, அவ்வளவுதான். சாவிக்காரர் இளவயதில் ஒரு பட்டறையில் இருந்து இதைக் கற்றவர். சொட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதில்லை என்பது அவருடைய பிடிவாதம். தொடர்ந்து மூன்று காலை பேப்பர் சுத்தமாக இருந்தால்தான் வண்டி தெருவில் இறங்கும்.

பேப்பருக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. ரவிக்கைக்கும் சட்டைக்கும் தையலக்கா முதலில் பேப்பரில்தான் அளவு வெட்டுவாள். தையல் மேஜைக்குக் கீழே பழைய பேப்பர் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அதிலிருந்துதான் அவரும் உருவிக்கொண்டார்.

முதல் காலை, சொட்டு. கழற்றினார், தேய்த்தார், மாட்டினார். அடுத்த காலை, சொட்டு. மறுபடி கழற்றினார். அதற்கு அடுத்த காலையும் சொட்டு. அந்தச் சொட்டு பெரிதாகவும் இல்லை, சட்டைப் பொத்தான் அளவுதான். பேப்பரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துக் கண்ணடித்தது.

தொலைபேசி அடிக்கும். “வண்டி ரிப்பேர்ல இருக்குங்க” என்று தையலக்கா சொல்வாள். பிறகு அடிப்பதும் குறைந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் எத்தனை தரம்தான் கேட்பார்கள்? சாவிக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார். ஒரு மாலை டிஜிட்டல் வந்தான்.

“மாமா, ஸ்டூலுக்கு மெத்தை தைக்கக் கொடுத்திருக்கேன். பச்சையா, சிவப்பா?”

தையலக்கா பதிலுக்குக் காத்திருந்தாள். சக்கரம் வை என்பார், சிங்காசனம் செய் என்பார், உன் தலையில் வை என்பார். சாவிக்காரர் கையைக் கந்தையில் துடைத்துக்கொண்டே, “எதுவா இருந்தா என்ன மாப்ளே. பார்க்கலாம்” என்றார்.

டிஜிட்டலின் சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசியில் நூல் கோர்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் கேட்டிராத ஒரு வார்த்தை அது. திட்டினால் தாங்கலாம், ‘பார்க்கலாம்’ என்றால் எப்படித் தாங்குவது?

மறுநாள் விடிவதற்கு முன், பால் வாங்க எழுந்தவள் வண்டிக்கு அருகே போய்க் குனிந்தாள். பேப்பரில் அதே பொத்தான். அவள் யோசித்ததெல்லாம் ஒரு நிமிஷம்தான். எதிர்வீட்டு வண்டிக்கு அடியில் குளமே கட்டியிருக்கிறது, அவன் ஓட்டவில்லையா? பக்கத்து வீட்டு வண்டி போகிற வழியெல்லாம் கோலம் போடுகிறது, அது ஓடவில்லையா? பொத்தான் அளவுச் சொட்டுக்காக ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருக்க வேண்டுமா? கறை பட்ட பேப்பரை உருவினாள். மேஜைக்குக் கீழே கைக்கு அகப்பட்ட பேப்பரை அரை வெளிச்சத்தில் விரித்தாள். கறைப் பேப்பர் வெந்நீர் அடுப்பில் சாம்பலானது.

சாவிக்காரர் எழுந்து வந்தார். குந்தி உட்கார்ந்தார். பேப்பரைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரமே பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, “காய்ஞ்சுதான் இருக்கு” என்றார்.

“நான்தான் சொன்னேனே” என்றாள் அவள். அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

மூன்று காலையும் அப்படியே போனது. நான்காம் நாள் வண்டி உதைபட்டது. மூன்றாவது தெருக் குழந்தை அழுதது. தையலக்கா அந்த அழுகையைக் கேட்டு வாசலில் நின்று சிரித்தாள்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் அவர் பேப்பர் விரிப்பதை நிறுத்தவில்லை. அவளாலும் மாற்றுவதை நிறுத்த முடியவில்லை. பொத்தான் மெல்லக் கரண்டியாகி, கரண்டி சின்னத் தட்டாகியது. ஒருநாள் தம்பியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

“ஏன்டா, ஒரு வண்டியில எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்?”

“ஒரு லிட்டர் இருக்கும். ஏன்க்கா, மெக்கானிக் ஆகப் போறியா? வீட்டுக்கு ரெண்டு மெக்கானிக் இருந்தா வண்டி தற்கொலை பண்ணிக்கும்.”

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு சொட்டு என்றால் ஒரு லிட்டர் தீர மாதக்கணக்காகும். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். அளவெடுத்து வெட்டும் கை, கணக்கு துல்லியமாகத்தான் இருந்தது. ஆனால் பேப்பர் சொல்வது நிற்கும் வண்டியின் சொட்டை மட்டும்தான். ஓடும்போது சூட்டில் மூடி விரியும், தழும்பு வாயைத் திறக்கும், எண்ணெய் கொட்டும். அந்தக் கறையெல்லாம் ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டை யார் மாற்றி விரிப்பது?

ஒரு மதியம் அவருடைய தோல்பையின் வார் பிய்ந்துவிட்டதென்று தைக்க எடுத்தாள். கம்பிகளுக்கு அடியில் கந்தை சுற்றிய ஒரு பாட்டில். பாதி எண்ணெய். ஐயோ, இவர் வழியில் எங்காவது நிறுத்தி, எண்ணெய் மூடியைத் திறந்து அளவு பார்த்தால்? குறைந்திருப்பது தெரிந்துவிடுமே. தெரிந்தால் மறுபடி கழற்றுவார், மறுபடி கண்ணாடி, மறுபடி உப்புத்தாள், மறுபடி ‘பார்க்கலாம்’. கையில் பாட்டில் இருப்பதால்தானே பார்க்கத் தோன்றும்? பாட்டில் ஏன் பாதியாக இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. மூடி மாட்டிய அன்று ஊற்றியது போக மீதி என்று அவளே சொல்லிக்கொண்டாள். வாரைத் தைத்தாள். பாட்டிலை நூல்பெட்டிக்குப் பின்னால் ஒளித்தாள். பையில் எடை குறையாமல் இருக்க ஒரு உடைந்த பூட்டைக் கந்தையில் சுற்றி வைத்தாள். அவ்வளவு கெட்டிக்காரி.

மறுநாள் காலையில் தொலைபேசி வந்தது. ஊருக்கு வெளியே, கல் உடைக்கும் இடத்தையும் தாண்டி, ஒரு வீடு. விளையாடிய குழந்தை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டது. தாய் வெளியே நின்று கதறுகிறாள். சாவிக்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

“மெதுவாப் போங்க!”

“குழந்தை உள்ளே இருக்கு, மெதுவாப் போங்கிறியே!”

மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஆளைக் காணோம். வெயில் சாயும் நேரம் கல் ஏற்றும் லாரி ஒன்று தெருவுக்குள் வந்தது. பின்னால் வண்டி ஒருக்களித்துப் படுத்துக்கிடந்தது. இடது மூடி முழுக்க எண்ணெயில் நனைந்து பளபளத்தது. பார்த்தால் புத்தம் புதிது மாதிரி இருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் சாவிக்காரர் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“குழந்தை?” என்றாள் தையலக்கா. அதுதான் முதலில் வந்தது.

“நல்லாருக்கு. உன் தம்பிக்குப் போன் பண்ணியிருக்காங்க. ஸ்கூட்டர்ல போய்த் தாழ்ப்பாளைத் துளை போட்டு உடைச்சிட்டானாம். நான் பாதி வழியில நின்னுக்கிட்டிருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனான். கையைக் காட்டினேன். அவசரத்துல பார்க்கல.”

வண்டியை இறக்கி வாசலில் நிறுத்தினார்கள். லாரி போனது. அவர் உதைத்துப் பார்க்கவில்லை. உதைகோல் அசையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தார். கம்பிகள் சிதறின. கந்தையைப் பிரித்து உடைந்த பூட்டை எடுத்து அவள் முன் வைத்தார்.

“இதுலேர்ந்து எண்ணெய் ஊத்த முடியலம்மா” என்றார்.

அவள் நூல்பெட்டிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். கொடுக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் நின்றாள்.

“நீங்க திறந்து பார்த்துடுவீங்களோன்னு… எண்ணெய் குறையுதுன்னு தெரிஞ்சா மறுபடி கழட்டுவீங்களேன்னு…”

“குறையுதுன்னு தெரியாமலா பாட்டில் வெச்சிருந்தேன்? போற வழியில பாதி, வர்ற வழியில பாதி. தினம் ஊத்திக்கிட்டுத்தான் ஓட்டினேன்.”

“தெரியுமா? பேப்பரு…”

“நான் விரிச்ச பேப்பர் முழுப் பேப்பர். காலையில இருந்த பேப்பர்ல யாருக்கோ ரவிக்கைக் கழுத்து வெட்டியிருந்துச்சு.” அவர் உதடு சிரிக்கத்தான் போனது, வழியிலேயே நின்றுவிட்டது. “வட்டக் கழுத்து.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். “முதல் நாளே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ மாத்தறதை நிறுத்தியிருப்பே. சொட்டு விழுந்த பேப்பரைப் பார்த்துட்டு நான் வண்டியை எடுக்க மாட்டேன். கழட்டணும். கழட்டி என்ன பண்றது? புகை முதல் நாளே கையை விரிச்சிட்டான். அது ஒட்டாதும்மா. எனக்குத் தெரியும்.” பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகிப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. “நீ மாத்தி வெச்ச பேப்பரைப் பார்த்துத்தான் நானும் கிளம்பினேன். அதுல உனக்கு என்ன தப்பு இருக்கு?”

தப்பு இல்லை என்று சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். அவளுக்குக் கூடியது. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். மெல்லக் கேட்டாள்.

“பையில பாட்டில் இல்லைன்னு தெரிஞ்சதும் திரும்பியிருக்கலாமே?”

“குழந்தை உள்ளே இருக்குன்னாங்களே.”

இன்ஜினைத் திறந்து பார்த்தது ஒரு சடங்குக்குத்தான். பிஸ்டன் உருளைக்குள்ளேயே இறுகி உருகிப் பிடித்திருந்தது. அதைத் தாங்கும் கம்பி முறிந்து, மூடியில் அல்ல, இன்ஜினின் உடம்பிலேயே விரல் போகும் ஓட்டை. புகை வந்து பார்த்தார். வாயில் இருந்த பீடியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. அப்படியே போய்விட்டார்.

பழைய சாமான்காரன் கைவண்டியோடு வந்தான். வெட்டு இயந்திரத்தைச் சாவிக்காரரே கழற்றி வைத்துக்கொண்டார். கண்ணாடி மறுபடி அலமாரியில் ஏறியது. நடுவில் உப்புத்தாள் ஒட்டிய பசை போகவே இல்லை. அதில் பார்த்தால் தையலக்காவின் முகம் வட்டமாகத் தேய்ந்து தெரிந்தது. துடைத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். விடியுமுன் எழும் பழக்கமும் அவளை விடவில்லை. எழுந்து, வாசல்வரை போய், வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் பால் வாங்கப் போனாள்.

சந்தைக்கு அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன முதல் நாள், டிஜிட்டல் கடைக்கு வெளியே ஓடிவந்து வழிமறித்தான்.

“அக்கா, மாமா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறார். காலையிலேர்ந்து நான் நூறு தரம் வம்புக்கு இழுத்துட்டேன். மெத்தை குத்துதான்னு கேட்டேன், நல்லாருக்குன்னார். மிஷினைப் பத்தி ஏதாவது சொல்லுங்க மாமான்னேன், நல்லா வெட்டுதுன்னார். ஏதாவது திட்டச் சொல்லேன்க்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“நீதானேடா கூப்பிட்டே.”

“கூப்பிட்டேன். அவர் வருவார்னு நினைச்சா கூப்பிட்டேன்?”

உள்ளே தொலைபேசி அடித்தது. எங்கேயோ யாரோ கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்றார்கள். சாவிக்காரரின் கை தானாகத் தோல்பை இருக்கும் இடத்துக்குப் போயிற்று. பை அங்கே இல்லை, வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை திரும்பி வந்து பொத்தானின் மேல் உட்கார்ந்தது. டிஜிட்டல் துளை போடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, மாமாவின் கண்ணைப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அது சத்தமே இல்லாமல் கிளம்பும் ஸ்கூட்டர். ஒரு குழந்தையும் எழாது.

சாவிக்காரர் தும்மினார். பிறகு இன்னொரு தரம். பச்சை மெத்தை போட்ட ஸ்டூலுக்குக் கீழே, பித்தளைத் தூள் தரையில் சிந்தாமல் இருக்க டிஜிட்டல் ஒரு பேப்பர் விரித்திருந்தான். தையலக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குனிந்து அந்தப் பேப்பரைப் பார்த்தாள்.

அவர் அதைக் கவனித்தார். காலைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

“காய்ஞ்சுதான் இருக்கு” என்றார்.